ஹாவர்பியில் ஒருவரும் இல்லை

யாருடைய வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது செருப்புகளை. சுகம் விசாரிப்பது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பது எல்லாம் பிறகு. வாசலில் எத்தனை சோடி கிடக்கிறது, அதில் இந்த வீட்டாருடையது எது, மிச்சம் யாருடையது? என் மனைவிக்கு இது பெரிய வெட்கக்கேடு. "கலியாண வீட்டிலயும் குனிஞ்சு நிண்டு எண்ணுறியளே, உங்களுக்கென்ன விசரோ?" என்பாள். விசர்தான். வீட்டு மதிப்பீட்டுக் கந்தோரில் காலம் முழுக்கக் கிடந்தவனுக்கு வேறு என்ன மிஞ்சும்?

போன மாதம் அந்தக் கந்தோரில் ஒரு மதியச் சாப்பாடு. ஓய்வுபெற்ற எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அபி என்ற பிள்ளை. இங்கே பிறந்தவள், இப்போது என் பழைய வேலையைச் செய்கிறாள். செய்கிறாள் என்றா சொல்வது? ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறாள், கம்பியூட்டர் ஒரு பெறுமதியைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

"அங்கிள், லைக், நீங்கள் ரியலா வீட்டுக்குள்ள போனனீங்களோ? ஆக்கள் விட்டவையோ?" என்று கேட்டாள்.

"விடமாட்டினம் பிள்ளை. அவை விடாமல் நிக்கிறதும் நாங்கள் போறதும்தானே வேலையே."

"பட், கூரையைப் பார்த்தாலே எல்லாம் தெரியுமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரையைப் பார்த்தால் கூரைதான் தெரியும். அதற்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியுமா? அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு ஹாவர்பியைப் பற்றியும் மோர்னிங்சைட் வீட்டைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் ஐஸ்கிறீம் வந்துவிட்டது. "இதை எழுதித் தாங்கோ அங்கிள், ரெயினிங்குக்கு யூஸ் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். என்னிடமிருந்து தப்புவதற்காகச் சொன்னாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் தொடக்கம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எல்லாரையும் போல ஒரு பக்டரி, பிறகு செக்கியூரிற்றி வேலை, அதற்கிடையில் மாலை வகுப்பில் வீட்டு மதிப்பீடு படித்தது. பரீட்சை பாஸ் பண்ணியதும் ஸ்காபரோக் கந்தோரில் எடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் தேவை என்றுதான் எடுத்தார்கள். அதை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை இதுதான். ஒரு வீட்டின் பெறுமதியை அரசாங்கம் தீர்மானிக்கும், அதை வைத்து வரி போடும். பெறுமதியைத் தீர்மானிக்க வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். எத்தனை குளியலறை? வீட்டுக்கு அடியில் நிலத்துக்குள் இருக்கும் பேஸ்மென்ற் முடித்துக் கட்டியதா, வெறும் கொங்கிறீற்றா? அங்கே சமைக்க இரண்டாவது குசினி இருக்கிறதா? இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கதவைத் தட்டுகிறவனை எந்தச் சனம் விரும்பும்?

வெள்ளைக்காரன் போனால் எங்கள் சனம் பயந்தது. நான் போனால் சந்தேகப்பட்டது. அது பயத்தைவிட மோசம். "தம்பி எந்த ஊர்?" என்று தொடங்கும். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம், ஆரின்ரை மகன், எந்தப் பள்ளிக்கூடம் என்று போகும். நான் அவர்களுடைய வீட்டை அளக்க முன்னர் அவர்கள் என்னை அளந்து முடித்துவிடுவார்கள். கடைசியில், "எங்கட பொடியன் எண்டெல்லோ கதவைத் திறந்தனான், காட்டிக்குடுக்கவோ வந்தனீர்?" என்று நிற்கும். காட்டிக்கொடுப்பது என்ற சொல்லுக்கு எங்களிடையே இருக்கும் பாரம் வெளியாருக்கு விளங்காது. ஊரில் இராணுவத்துக்கு, எங்கள் வாயில் ஆமிக்கு, ஆளைக் காட்ட முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு தலையாட்டியவர்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற சனம் அது. கிளிப்போர்ட்டுடன் நிற்கும் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எத்தனையோ நாள் காருக்குள் வந்திருந்து தனியே பேசித் திட்டியிருக்கிறேன்.

எங்கள் மேலதிகாரி மிஸ்ரர் பெல். வட இங்கிலாந்துக்காரர், இளம் வயதில் இங்கே வந்தவர், ஸ்காபரோவுக்கு அப்பால் விட்பியில் வீடு. வெயில் எறிக்கும் நாளிலும் ஒரு சாம்பல் நிற மழைக்கோட்டு. மதியத்துக்கு அவித்த முட்டை, ஒவ்வொரு நாளும் அதுதான். நான் பார்த்த மனிதர்களிலேயே பெரிய சந்தேகப் பிராணி அவர். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வீதியின் மற்றப் பக்கத்தில் நிற்பார். கையில் பேனை இருக்காது. சும்மா பார்ப்பார். பக்கக் கதவுக்குப் போகும் பாதையில் பனி வழித்திருக்கிறதா? வழித்திருந்தால் அந்தக் கதவை யாரோ பாவிக்கிறார்கள். தபால்பெட்டி எத்தனை, அழைப்பு மணி எத்தனை? இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீதியைக் கடப்பார்.

உள்ளே போனால் கதிரையில் இருக்கமாட்டார். தேத்தண்ணி குடிக்கமாட்டார். "ஒரு கோப்பைத் தேநீர் ஒரு குளியலறையை மறைத்துவிடும், நேதன்" என்பார். நாதன் என்ற என் பெயர் அவர் வாயில் கடைசிவரை நேதன்தான். ஒரு கேள்வியைக் கேட்பார், பதில் வரும், பதில் வந்த பிறகும் பேசாமல் நிற்பார். அந்த அமைதியைத் தாங்கமுடியாமல் சனம் மிச்சத்தையும் கொட்டிவிடும். அடுப்பு எத்தனை என்று கேட்டுவிட்டு அவர் நின்ற நிலையில், ஒரு மனிதர் கேளாமலே தன் தமையன் வீட்டு பேஸ்மென்றையும் சேர்த்துச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது குசினி விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் எப்போதும் கொழுவல். இரண்டாவது அடுப்பு இருந்தால் இரண்டாவது குடும்பம் இருக்கிறது என்பது அவர் சட்டம். தமிழ் வீட்டில் அப்படியில்லை, மீன் பொரிக்கவும் மிளகாய்த்தூள் வறுக்கவும் கீழே ஒரு அடுப்பு வைப்பார்கள், மேல்வீடு மணக்காமல் இருப்பதற்கு என்று நான் தலைகீழாக நின்று சொன்னேன். "மீனுக்கென்று ஒரு குசினியா?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த மீனே நான்தான் என்பதுபோல.

இனி ஹாவர்பிக்கு வருகிறேன். அது மிஸ்ரர் பெல் பிறந்த ஊர். புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம் அதுதான்.

ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னர் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த அரசன் ஒருவன், நாடு முழுவதையும் கணக்கெடுக்கச் சொன்னான். அரசனின் ஆட்கள் போய் ஊர்ப் பாதிரியாரையும் ஊருக்குப் பொறுப்பானவனையும் குடியானவர்கள் சிலரையும் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார்கள். பிறகு கேள்விகள். பழைய அரசன் காலத்தில் இந்த நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம்? எத்தனை ஏர்? எத்தனை மாவரைக்கும் மில்? பன்றி மேய்க்க எவ்வளவு காடு? அன்றைக்கு என்ன பெறுமதி, இன்றைக்கு என்ன? கடைசிக் கேள்வி, இதைவிடக் கூட எடுக்கலாமா? "நாங்கள் இன்றைக்கும் கேட்பது இதே கேள்விகளைத்தான், பன்றியை மட்டும் விட்டுவிட்டோம்" என்பார் மிஸ்ரர் பெல்.

அந்தக் கணக்கில் ஹாவர்பிக்கு விழுந்தது மிகவும் சின்னப் பதிவு. உழக்கூடிய நிலம் இருக்கிறது. முன்பு ஒருவனிடம் இருந்தது. இப்போது பாழ். முன்பு பெறுமதி இருந்தது, இப்போது இல்லை. ஒருவரும் இல்லை.

"பச்சைப் பொய்!" என்று அந்த இடத்தில் மேசையில் தட்டுவார். "என் மூதாதையர் மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவிட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் மலை மடிப்புக்குள் ஒளித்தார்கள். அரசனின் ஆட்கள் வந்தபோது ரெண்டு கிழவர்கள் நின்று, இங்கே ஒன்றும் இல்லை ஐயா என்று கைவிரித்தார்கள். மதிப்பீட்டாளனுக்குச் சொன்ன பொய்களிலேயே மிகப் பெரிய பொய் அது. அந்தப் பொய்காரர்களின் பேரன் நான். என்னிடம் யாரும் பொய் சொல்லமுடியாது." எந்த ஊர் என்று யாராவது கேட்டால், வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டு, "ஹாவர்பி, பொய்காரர் ஊர்" என்பார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அதனால் கந்தோரில் ஹாவர்பி என்பது ஒரு வழக்காகிவிட்டது. கீழே ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னால் அது ஹாவர்பி. "இன்றைக்கு உனக்கு எத்தனை ஹாவர்பி?" என்று கோப்பி நேரத்தில் கேட்டுக்கொள்வோம். ஹாவர்பி வந்தால் இரண்டாம் ஆள் போகவேண்டும் என்பது விதி. அதுவும் அந்த அரசனிடமிருந்து எடுத்ததுதான். முதலில் போனவர்கள் எழுதியது சரியா என்று பார்க்க, அந்தப் பக்கத்தைத் தெரியாத வேறு ஆட்களை அவன் பின்னால் அனுப்பினானாம். தெரிந்தவன் இரக்கப்படுவான், தெரியாதவன் பார்ப்பான் என்பது மிஸ்ரர் பெல்லின் விளக்கம்.

என் பின்னாலும் ஆள் போகிறது என்பது எனக்கு ஒரு தமிழ்க் கடையில்தான் தெரியவந்தது. மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு அன்ரி, "தம்பி, நீர் வந்து போன பிறகு ஒரு வெள்ளையும் வந்து பார்த்தது. உம்மிலயும் அவைக்கு நம்பிக்கை இல்லைப் போல" என்றார். எனக்கு உச்சந்தலையில் ஏறியது. அடுத்த நாள் நேரே போய்க் கேட்டேன். மிஸ்ரர் பெல் முட்டையின் கோதை உடைத்துக்கொண்டே, "எல்லோர் பின்னாலும் அனுப்புகிறேன். என் பின்னாலும் ஒருவன் வருவான். யார் என்றுதான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்றார். பகிடியா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மோர்னிங்சைட் வீடு அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு வந்தது. வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்கா, முதியோர் இல்லமொன்றில் வேலை. மேலே அவரும் மகனும், பேஸ்மென்றில் அவருடைய தங்கச்சி குடும்பம். எங்கள் பதிவில் அந்த பேஸ்மென்ற் முழுதாக முடித்துக் கட்டியது. அறைகள், குளியலறை, குசினி எல்லாம் இருந்தன. அவரோ, கீழே எல்லாம் அழிந்துவிட்டது, வந்து பார்த்து எழுதித் தாருங்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்.

மிஸ்ரர் பெல் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சுருக்கினார். "வரவேண்டாம் என்று சொல்லும் வீடுகள் தெரியும். வா வா என்று கூப்பிடும் வீட்டை நான் நம்பமாட்டேன்" என்றார். தெரிந்தவனாக நானும் தெரியாதவராக அவரும் ஒன்றாகவே போவது என்று முடிவாயிற்று.

வீதியின் மற்றப் பக்கத்தில் நின்று பார்த்தோம். வீதி நடுவில் நீளத்துக்குத் தோண்டி மூடிய புதுத் தார். பக்கக் கதவுக்கு வெளியே ஒரு கம்பித்தட்டு, அது நிறையச் செருப்பும் சப்பாத்தும் பனிச் சப்பாத்துமாக அடுக்கியிருந்தது. மிஸ்ரர் பெல் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

"ஒன்றும் இல்லாத பேஸ்மென்றுக்கு இத்தனை கால்களா?" என்றார்.

கதவு திறந்ததும் மஞ்சள் தண்ணியும் சாம்பிராணியும் டெற்றோலும் கலந்த மணம். மேசையில் பொரித்த றோல்ஸும் தேத்தண்ணியும் தயார். மிஸ்ரர் பெல் சப்பாத்துக்கு மேல் பிளாஸ்ரிக் உறை போட்டார், அவருடைய வழக்கம் அது. பரமேஸ்வரி அக்கா விடவில்லை. "கழட்டச் சொல்லும் தம்பி. உறை போட்டாலும் உள்ளுக்குச் சப்பாத்துத்தானே." அவர் அரைமனதோடு கழற்றினார். என் அனுபவத்தில் அவர் தோற்ற முதலாவது இடம் அது.

கீழே போனோம். அங்கே ஒன்றும் இல்லை. மெய்யாகவே ஒன்றும் இல்லை. தடுப்புச் சுவர் இல்லை, குசினி இல்லை, நிலத்தில் கம்பளம் இல்லை. வெறும் கொங்கிறீற், அதுவும் தேய்த்துக் கழுவிப் பளிச்சென்று. வெளிச்சுவர்களுக்குப் புது வெள்ளைப் பெயின்ற். நடுவில் ஒரு குத்துவிளக்கு.

மிஸ்ரர் பெல்லின் முகம் விடிந்தது. இவ்வளவு துப்புரவான அழிவை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கழற்றி எங்கேயோ வைத்துவிட்டு, பதிவு மாறிய பிறகு திரும்பப் பூட்டப்போகிறார்கள் என்று அவர் நினைப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதைத்தான் நினைத்தேன்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"றோட்டுத் தோண்ட வந்தவங்கள் குழாயை உடைச்சுப்போட்டாங்கள். நிலத்தில இருக்கிற ஓட்டையால பீத்தண்ணி கொப்பளிச்சுக்கொண்டு வந்தது. தங்கச்சியின்ரை சாமான், பிள்ளையளின்ரை புத்தகம், கட்டில், மெத்தை எல்லாம் போச்சு."

"படம் எடுத்தீர்களா?" என்று மிஸ்ரர் பெல் கேட்கச் சொன்னார்.

பரமேஸ்வரி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பீத்தண்ணியை ஆரும் படம் எடுப்பினமோ தம்பி?"

"அப்ப ஏன் அக்கா எல்லாத்தையும் கழுவினனீங்கள்? பெயின்றும் அடிச்சிருக்கிறியள். நாங்கள் பார்க்க வாறமெண்டு தெரியும்தானே?"

"நீங்கள் வாறியள் எண்டுதான் அடிச்சது! வீட்டுக்கு ஆக்கள் வரேக்கை அந்த ஊத்தையோட விடேலுமோ? அதோட, அது வீட்டுக்குள்ள வந்த துடக்கெல்லோ. ஐயரைக் கூப்பிட்டுத் தண்ணி தெளிச்சுப்போட்டுத்தான் விளக்கே வைச்சனான்."

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கே பொய் போல இருந்தது. பரிசோதகன் வருகிறான் என்று ஆதாரத்தைக் கழுவி, மஞ்சள் தெளித்து, பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரால் இது முடியும்? மிஸ்ரர் பெல் தன் வித்தையைத் தொடங்கினார். பேசாமல் நின்றார். பரமேஸ்வரி அக்காவும் பேசாமல் நின்றார். சோதனைச் சாவடிகளில் நின்று பழகியவரிடமா மௌனத்தைக் காட்டுவது? மேலே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. நான்தான் நெளிந்தேன்.

கடைசியில் பரமேஸ்வரி அக்காதான் வாய் திறந்தார், மிஸ்ரர் பெல்லைப் பார்த்து, தமிழில். "உடைச்ச கொம்பனியிட்ட நட்டஈடு கேட்டால் தண்ணியே வரேல்லை எண்டு சொல்லுறான். அரசாங்கக் கடதாசி ஒண்டில பேஸ்மென்ற் பாழ் எண்டு இருந்தால்தான் கதைப்பானாம். இல்லாட்டி நான் வீட்டை விக்கிறதுதான். தங்கச்சி குடும்பம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். உங்கட ஆக்கள் வந்து உடைப்பினம். பிறகு உங்கட ஆக்களே வந்து எண்ணுவினம். எண்ணுறவனுக்கு உடைச்சவனைத் தெரியாதாம். இந்த விளையாட்டை நான் ஊரிலயே பார்த்தாச்சு."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மிஸ்ரர் பெல்லின் கண் இமைத்தது.

வெளியே வந்தோம். சப்பாத்தை மாட்டக் குனிந்தபோது எனக்கு அந்தக் கம்பித்தட்டு முகத்துக்கு நேரே வந்தது. அதுவரை எத்தனை சோடி என்றுதான் பார்த்திருந்தேன், என்ன சோடி என்று பார்க்கவில்லை. எல்லாம் காய்ந்து விறைத்துப்போன செருப்புகள். கீழ்த்தட்டில் இருந்த பனிச் சப்பாத்துகளில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சாம்பல் நிறக் கோடு. பக்கத்துச் சப்பாத்திலும் அதே உயரத்தில். அதற்குப் பக்கத்திலும். தட்டின் கம்பிக்காலிலும். சின்னப் பிள்ளையின் சப்பாத்து மட்டும் முழுதாகச் சாம்பல், அது தண்ணிக்குள் தாண்டுபோயிருந்தது.

"அக்கா, இந்தத் தட்டு எங்க இருந்தது?"

"கீழ, படியடியில. அப்பிடியே தூக்கிக்கொண்டந்து வெளியில வைச்சனாங்கள்."

"இதை ஏன் கழுவேல்லை?"

"அது செருப்புத்தானே" என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல.

நான் மிஸ்ரர் பெல்லுக்குச் சொன்னேன். வீட்டில் அழுக்கானது எல்லாவற்றையும் கழுவியிருக்கிறார்கள். செருப்பு எங்களுக்கு எப்போதுமே அழுக்கு, அதைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. அவர் என்னை நம்பவில்லை. நம்பினால் அவர் மிஸ்ரர் பெல் இல்லையே! மழைக்கோட்டு நிலத்தில் புரள மண்டியிட்டு, கண்ணைக் கோட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்து, தட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தார். பிறகு ஒரு சப்பாத்தை எடுத்து மூக்கை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது கண்ணில் தண்ணீர்.

"கழிவுநீர்" என்றார். அங்கேயே முழங்காலில் வைத்து எழுதினார். அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். வழக்கமாக எழுதும் வார்த்தைகளுக்குக் கீழே ஒரு வரி கூட எழுதியிருந்தார். அழிந்தது வீதி வேலையில் வந்த கழிவுநீரால், வீட்டுக்காரரால் அல்ல என்று. யாரால் அழிந்தது என்று எழுத எங்கள் படிவத்தில் இடமே கிடையாது. கீழ்க் கரையில் சரித்து எழுதியிருந்தார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். என் வீடு அஜக்ஸில், அவரை விட்பியில் இறக்கிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. 401 நெடுஞ்சாலை வழக்கம்போல அடைத்துக்கொண்டு கிடந்தது.

"அந்தப் பெண் சொன்னதைத் திரும்பச் சொல்லு" என்றார்.

சொன்னேன். உடைப்பதும் உங்கள் ஆட்கள், எண்ணுவதும் உங்கள் ஆட்கள். அதன் பிறகு, அவருடைய வித்தையை அவருக்கே காட்டினேன். பேசாமல் இருந்தேன்.

"கணக்கெடுக்க முன்னர் அதே அரசனின் படை வடக்கே வந்தது" என்றார். "ஊர் ஊராக எரித்தார்கள். விதைத்தானியத்தைக்கூட விடவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். ஹாவர்பிக்கு மட்டும் வரவில்லை, மலை மறைத்துவிட்டது என்று என் தகப்பன் சொல்வார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது." கண்ணாடியைத் துடைத்தார். "நேதன், பாழ் என்று எழுதியது உண்மையென்றால் அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. ஒருவரும் மிஞ்சவில்லையென்றால் நான் யாருடைய பிள்ளை? பொய்காரர்கள் என்றாலாவது எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்."

இத்தனை வருடமும் மேசையில் தட்டித் தட்டி அவர் காப்பாற்றி வைத்திருந்தது இதைத்தானா? எனக்கு அவர்மேல் முதல்தடவையாக இரக்கம் வந்தது. வந்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் வந்தது.

"எங்கள் ஊரை ஆமி வேலியடித்து எடுத்தது" என்றேன். "கந்தோர்க் கணக்கில் எங்கள் ஊருக்கு நேரே குடிசனம் இல்லை என்று எழுதினார்கள். எழுதியவன் பொய் எழுதவில்லை, அவன் பார்க்கும்போது ஒருவரும் இல்லைத்தான். நாங்கள் பொய் சொல்லவும் இல்லை, சாகவும் இல்லை. ஓடியிருந்தோம். பக்கத்து ஊரில், பள்ளிக்கூடங்களில், பிறகு இங்கே. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறார்கள். வீடு தரைமட்டம், கிணறு தூர்ந்துபோச்சு. சனம் போய்ப் பற்றை வெட்டுகிறது. உங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்கும்."

"ஹாவர்பிக்காரர் திரும்பி வந்தார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?" குரலில் பழைய மிஸ்ரர் பெல்.

"நீங்கள் இருக்கிறீர்களே."

"அது ஆதாரம் இல்லை."

"இல்லைத்தான். ரெண்டாம் ஆளை அனுப்பிப் பாருங்கள்."

அவர் சிரிக்கவில்லை. விட்பி வந்துவிட்டது. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "விதைத்தானியம் இல்லாமல் எப்படித் திரும்பியிருப்பார்கள்?" என்று கேட்டார். அடுத்த கிழமை கந்தோரில் யாரோ ஹாவர்பி என்று பகிடி விட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்த வழக்கு அன்றோடு நின்றது.

மிஸ்ரர் பெல் எழுதிக் கொடுத்த அந்தக் கடதாசி வேலை செய்தது. சும்மா அல்ல. இழுத்தடித்து, இல்லையென்று சொல்லி, ஆமென்று சொல்லி, கடைசியில் கொம்பனிக்காரர் வழிக்கு வந்து நட்டஈடு கொடுத்தார்கள். வீடு விற்கப்படவில்லை. கீழே எல்லாம் திரும்பக் கட்டி முடித்து, பால் காய்ச்சுகிறோம் வாருங்கள் என்று பரமேஸ்வரி அக்கா சொன்னார். மிஸ்ரர் பெல் அதற்கிடையில் ஓய்வுபெற்றுவிட்டார். வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். வந்தார், அதே மழைக்கோட்டோடு.

வாசலில் ஒருவரும் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றினார். பழைய செருப்புகள் எதுவும் இல்லை, எல்லாம் புதிது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன், அவரும் எண்ணுவதைப் பார்த்தேன். கீழே இறங்கியதும் என் காதருகே குனிந்து, "இரண்டாவது குசினி இருக்கிறது" என்றார்.

"மீன்" என்றேன்.

"நிச்சயமா?"

"மணந்து பாருங்கள்."

பரமேஸ்வரி அக்கா தட்டோடு வந்தார். ஆளை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்குக் கேட்க மறந்த கேள்வி அவருக்கு இன்னும் மிச்சம் இருந்தது. வீட்டுக்குள் வந்தவர் எவராக இருந்தாலும் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

"இவர் எந்த ஊராம், தம்பி?"

நான் கேட்டேன். வாயின் ஒரு பக்கம் கோணும் என்று காத்திருந்தேன். கோணவில்லை.

"ஹாவர்பி" என்றார் மிஸ்ரர் பெல். "எரித்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் திரும்பிப் போனார்கள்."

தமிழில் சொன்னேன். இது ஆயிரம் வருடத்துக் கதை என்று விளக்கலாமா என்று நான் யோசிக்க முன்னரே அக்கா கேட்டுவிட்டார்.

"ஆமியோ?"

மிஸ்ரர் பெல்லுக்கு அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. தலையை ஆட்டினார். "யெஸ்" என்றார். "ஆர்மி."

"பாழ்படுவார்" என்றார் பரமேஸ்வரி அக்கா. எந்தப் படையைத் திட்டினார் என்று நான் கேட்கவில்லை. பிறகு மிஸ்ரர் பெல்லின் தட்டில் இன்னொரு றோல்ஸை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இருக்கச் சொல்லும் அவரை. ஊர் எரிஞ்சு வந்த மனுசன், ஏன் நிண்டுகொண்டு சாப்பிடுறார்?"

சொன்னேன். யாருடைய வீட்டிலும் கதிரையில் இருக்காத மிஸ்ரர் பெல், மழைக்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் புதுக் குசினியில் ஒரு கதிரையை இழுத்து இருந்தார். தேத்தண்ணியும் கேட்டார்.